துரை ஊர்ச் சரக்கு

எங்கள் வீட்டில் உலை வைத்ததெல்லாம் என் கணவருடைய நாக்கை நம்பித்தான். அவர் தேயிலை ஸ்டோரில் டீமேக்கர். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் பெட்டியில் அடைபடும்வரை அங்கே நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. காலையில் முந்தின நாள் தூளை வெள்ளைக் கோப்பைகளில் ஊறவைத்து மேசைமேல் வரிசையாக வைப்பார்கள். அவர் கரண்டியால் கொஞ்சம் அள்ளி, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். அவர் சரி என்றால் சரக்கு கொழும்புக்குப் போகும். இல்லையென்றால் போகாது.

நான் மாத்தளை டவுனில் பிறந்தவள். மிளகு, கிராம்பு, செத்தல் மிளகாய் வாங்கி விற்கிற வீடு எங்களுடையது. கல்யாணமாகி, ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகிற வழியிலிருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் என்னை உட்காரவைத்துச் சிலது சொன்னார். அதிகாரமாகச் சொல்லவில்லை. வைத்தியர் பத்தியம் சொல்வதுபோலச் சொன்னார். அவருக்கு மிளகாய் போடாத கறி தனியாக ஆக்க வேண்டும். பச்சை வெங்காயம் கூடாது. அவர் ஸ்டோருக்குப் புறப்படும்வரை தாளிக்கக் கூடாது, ஊதுவத்தி கொளுத்தக் கூடாது. வெற்றிலை, சுருட்டு, சாராயம் எதையும் அவர் தொட்டதில்லை. என் தலையில் மல்லிகை இருந்தால் அந்த வாசம் மூக்கிலேயே தங்கிவிடுகிறது என்றார். அதோடு பூ வைப்பதை விட்டேன்.

"இவ்வளவும் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"டீமேக்கருக்கு நாக்கு போனா எல்லாம் போச்சு, புள்ள" என்றார்.

அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஊரில் மற்ற பெண்கள் குடிகாரப் புருஷனைக் கட்டிக்கொண்டு படுகிற பாட்டைப் பார்த்தபோது, மிளகாய் இல்லாத கறி ஆக்குவது ஒரு கஷ்டமா? அவருக்குச் சமைப்பதில் எனக்கு ஒரு பயம் உண்டு. பெருமையும் உண்டு. ஒரு வாய் சாப்பிட்டதும், "இன்னைக்கு உப்பு நீ போடல, மக போட்டிருக்கா" என்பார். உண்மையாகவே மகள்தான் போட்டிருப்பாள்.

எழுபதுகள் பிறந்த சமயத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. எங்கள் தோட்டத்துத் தூளில் புகை வாடை இருப்பதாகக் கொழும்பில் தூளை ஏலம் விடுகிறவர்கள் சொல்லி அனுப்பினார்கள். வதங்கி, அரைபட்ட கொழுந்தைக் காயவைக்கிற டிரையரை விறகு எரித்துத்தான் சூடாக்குவார்கள். அடுப்புக்குள் இரும்புக் குழாய்கள் உண்டு. நெருப்பும் புகையும் குழாய்க்கு வெளியே இருக்கும். குழாய்க்குள் போகிற சுத்தமான காற்றுத்தான் சூடேறி இலைக்கு வரும். குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு வந்தாலும் போதும், புகை இலையில் இறங்கிவிடும். புகை பிடித்த தூளை யாரும் வாங்கமாட்டார்கள்.

அப்போது தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை ஸ்காட்லாந்துக்காரர். வயதானவர். வாயிலிருந்து பைப்பை இறக்கவே மாட்டார். அதனால் தன்னுடைய நாக்கை அவரே நம்புவதில்லை. என் கணவரைத்தான் நம்புவார். புகார் வந்ததும் ஸ்டோருக்கு வந்து, "டிரையர் குழாயை மாற்றிவிடலாமா? சீமைக்கு எழுதவா?" என்று இங்கிலீஷில் கேட்டாராம். இவர் அந்தச் சரக்கை மறுபடியும் ஊறவைத்து, ஒவ்வொரு கோப்பையாகக் குடித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம் சார். டிரையர் நல்லா இருக்கு. விலையை இறக்கத்தான் கொழும்பில் இப்படிச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது அதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

"துரை என்ன சொன்னாரு?"

"நீ சொன்னா சரின்னு போயிட்டாரு."

கொஞ்ச காலத்தில் நாட்டு நிலைமை மாறியது. வெளிநாட்டிலிருந்து எதையும் இறக்க முடியவில்லை. டவுனில் பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு குழாய்க்கு எழுதியும் பயனில்லாமல் போனது. துரை எழுதித்தான் பார்த்தார், வரவில்லை. ஆனால் புகார் நிற்கவில்லை. வாரத்துக்கு வாரம் புகை, புகை என்றார்கள். இவர் டிரையரைத் திறந்து விளக்கைப் பிடித்துத் தேடினார். வெடிப்பு கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. இருந்தாலும் சந்தேகத்துக்குக் களிமண் பூசினார். மாத்தளையிலிருந்து வெல்டிங்காரரைக் கூட்டிவந்து ஒட்டுப்போட்டார். பிறகு மறுபடியும் கோப்பைகளைக் குடித்துப் பார்த்துவிட்டு, "புகையே இல்ல, பொய் சொல்றானுக" என்பார். துரையும் இவர் பக்கம் நின்று கொழும்புக்காரர்களோடு சண்டை பிடித்தார்.

தோட்டங்களையெல்லாம் அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு பலமானபோது துரை ஊருக்குப் புறப்பட்டார். துரைசாணி அதற்கு முன்பே போய்விட்டாள். வழியனுப்ப நாங்கள் இரண்டு பேரும் மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனோம். வீட்டுச் சாமான்களெல்லாம் பெட்டியில் கட்டியாகியிருந்தது. விறாந்தையில் உட்கார இரண்டு கதிரை மட்டும் மிச்சம். துரை உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். முக்கால்வாசி இருந்தது. இவர் குடிக்கமாட்டார் என்பது துரைக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, என்னைப் பார்த்துத் தோட்டத்துத் தமிழில் பேசினார்.

"டீமேக்கர் அம்மா, இது எங்க ஊர் சரக்கு. விஸ்கி. சிங்கிள் மால்ட். ஒரே ஸ்டோர்ல செஞ்சது, வேற ஒண்ணும் கலக்கிறது இல்ல. எங்க தீவுல விறகு இல்ல. சேத்து மண் வெட்டி, காயவெச்சு, அதுதான் எரிக்கிறது. அந்தப் புகையில பார்லி காயுது. அதனால இதுல ரொம்பப் புகை. நம்ம தேயிலைல புகை வந்தா வெல இல்ல. இதுல புகை இல்லாட்டி வெல இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் இவருடைய கையை வெகுநேரம் பிடித்துக் குலுக்கினார். இவர் மறுபக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போத்தலை அலுமாரியில் துணிக்குப் பின்னால் வைத்தேன். அது பாட்டுக்குக் கிடந்தது. புது துரை இன்னும் வந்து சேராத அந்த இடையில், கொழும்பு இன்னொரு முறை சரக்கைத் தள்ளிவிட்டது. இந்தத் தடவை ஒரு பெட்டிகூட எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் கிளாக்கர் வீட்டுப் பெண்களோடு விளையாடப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. இவர் அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னங்க இது, இந்த வயசுல?" என்றேன்.

"குடிக்க இல்ல. துரை சொன்ன புகைய ஒருக்கா பாக்கணும். புகைன்னா எப்படி இருக்கும்னு கொழும்புக்காரனுக்குச் சொல்லலாம்."

ஸ்டோரில் சுவை பார்க்கிற கோப்பை இரண்டும் கரண்டியும் வீட்டில் இருந்தன. துப்புவதற்கு ஒரு பித்தளைச் சட்டியையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தேயிலைக்கு என்ன செய்வாரோ அதெல்லாம் முறையாகச் செய்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தக்கையை இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏதோ தீய்கிற வாடை அடித்தது. உலையைப் பார்த்தேன், சோறு அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் விழுந்த துணி ஏதாவதா என்று குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. பின்கதவைத் திறந்து வெளியேயும் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தேன்.

"என்ன ஓடித் திரியிற?" என்றார்.

"எங்கேயோ தீயுதுங்க."

அவர் மூக்கை உயர்த்தி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் தீயலையே" என்றார்.

மேசைக்குக் கிட்டே போகப் போக வாடை கூடியது. அது போத்தலிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கோப்பையில் ஊற்றியிருந்ததை முகத்துக்கு நேரே தூக்கி நிறம் பார்த்தார். வைக்கோல் ஊறின தண்ணீர்போல வெளிறியிருந்தது. நன்றாக மோந்தார். பிறகு கரண்டியால் அள்ளி, வழக்கம்போல உறிஞ்சினார். உடனே இருமல் வந்தது. கண்ணில் தண்ணீரோடு கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து சட்டியில் துப்பினார்.

"நெருப்பாட்டம் இருக்கு. அது போனதும் ஒரு இனிப்பு. பழுத்த வாழப்பழத் தோல்ல இருக்குமே, அது மாதிரி. கொஞ்சம் உப்பும் இருக்கு" என்றார். மறுபடியும் ஒரு கரண்டி எடுத்தார். "புகை எங்க? துரை அவசரத்துல வேற போத்தலை மாத்திக் குடுத்துட்டாரு போல. நீ பாரு."

நான் வேண்டாம் என்றேன். "சும்மா நாக்குல வெச்சுட்டுத் துப்பிடு" என்று கோப்பையை நீட்டினார்.

வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே அது மூக்கில் ஏறிவிட்டது. ஈர விறகு புகைந்து புகைந்து அணைவதுபோல ஒரு வாடை. அதோடு டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடுகிற மருந்து வாடை. ஒரு மிடறு வைத்ததும், சுட்ட கருவாட்டையும் கரியையும் ஒன்றாக மென்றதுபோல இருந்தது. நாக்கு, தொண்டை, மூக்கு எல்லாம் ஒரே புகை. துப்பிய பிறகும் போகவில்லை. மூச்சு விட்டால் என் மூச்சே புகையாக வந்தது. அவர் சொன்ன இனிப்பு எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு புகைக்கு அடியில் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று இருந்தது.

கோப்பையைத் திருப்பி மேசையில் வைத்தேன். என் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"புகைதாங்க."

"துரை சொன்னதுனால சொல்றியா?"

"இல்லங்க. புகைதான். எங்கேயோ தீயுதுன்னு ஓடினேனே, இதுதான்."

அவர் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலந்து குடித்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, புதிதாக மற்றக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கின் நுனியில், நடுவில், அடியில் என்று வைத்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். சளி பிடித்திருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொல்ல நினைத்தேன். அவருக்குச் சளி இல்லை.

அந்த நேரத்தில் மகள் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே கால் வைக்கும்போதே, "என்னம்மா கொளுத்துனீங்க? வாசல் கேட்டு வரைக்கும் நாறுது" என்றாள்.

இவர் அவளை அருகே கூப்பிட்டார். "இங்க வா. இத மோந்து பாரு. என்ன வாடைன்னு சொல்லு."

அவள் குனிந்து மோந்தாள். "ச்சே, என்னப்பா இது? ஆஸ்பத்திரிக்குள்ள வெறகு எரிச்ச மாதிரி."

"சரி. நீ போ."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கோப்பைகளை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். "என் சட்டையில புகை வாடை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"எப்ப இருந்து?"

"எப்பவும்தாங்க. ஸ்டோர்ல வேலை செய்றவங்க சட்டை எல்லாம் அப்படித்தானே இருக்கும்."

அவர் தோளில் கிடந்த துணியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு கீழே போட்டார். "அன்னைக்குத் துரை கேட்டப்போ எழுதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குழாய் வந்திருக்கும்" என்றார். நான் சோற்றை வடிக்கப் போனேன். போத்தலில் மீதி இருந்ததை அன்று பின்னேரம் வாசலில் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானில் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் வாசல் நாறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டி ஸ்டோருக்குப் போனார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

புது துரை சிங்களவர். கொழும்பில் படித்த இளம் வயதுக்காரர், மரியாதையானவர். அவர் வந்த கொஞ்ச நாளிலேயே இவர் ஆபீசுக்குப் போய், தன்னுடைய நாக்குக்குப் புகை பிடிபடவில்லை, வேறு டீமேக்கரைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் துரை இவரை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாராம்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'மிஸ்டர் டீமேக்கர், உங்க நாக்கு நல்லா இருந்தா மட்டும் என்ன? குழாய் வரப்போறது இல்ல. புகை இருக்குன்னு கண்டுபிடிச்சு நாம என்ன செய்ய? நீங்க வேலையப் பாருங்க'ன்னாரு."

திட்டியிருந்தால், வேலையை விட்டு நீக்கியிருந்தால்கூட அவர் அதைத் தாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. தினமும் காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்தார்கள். தினமும் இவர் உறிஞ்சித் துப்பினார். என்ன தெரிந்ததோ, என்ன சொன்னாரோ. வீட்டுக்கு வந்தால் ஸ்டோரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில் ஒரு நாள், "இனிமே எல்லாருக்கும் ஆக்குற கறியையே எனக்கும் போடு. பூவும் வெச்சுக்க" என்றார். இத்தனை வருஷம் அதற்காகவே காத்துக்கிடந்ததுபோல ஆகிவிடக் கூடாதென்று நான் உடனே வைக்கவில்லை. ஆடி வெள்ளிக்கு ரத்தோட்டையில் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கண்ணாடியில் பார்த்தபோது தலை முன்பக்கம் நரைத்திருந்தது. அதற்குமேல் அந்தப் பூவில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனதும் ஸ்டோரை மூடினார்கள். கொழுந்தை டிராக்டரில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தூள் சலித்த பெண்களில் சிலருக்கு மலையில் கொழுந்து பறிக்க இடம் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. டிரையர் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைவிட வயதில் பெரியவர், அவருடைய குடும்பத்துக்கு, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போகிற உத்தரவு வந்திருந்தது. புறப்படும் முன்பு சொல்லிக்கொள்ள வந்தார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஐயா நல்லாத்தான் பாத்தீங்க. கொழும்புக்காரங்க செஞ்ச அநியாயம், ஸ்டோர மூடிட்டாங்க" என்றார்.

"இல்லப்பா. புகை இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல" என்றார் இவர்.

"ஐயா பெரிய மனசுல அப்படிச் சொல்றீங்க" என்று கும்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார். இவர் அவருக்குப் பின்னாலேயே ரோடுவரை நடந்து போனார். எதற்குப் போனார் என்று தெரியவில்லை. பிறகு திரும்பி வந்தார்.

நாங்கள் மாத்தளைக்கு என் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கடைக்குப் பின்னால் ஒரு அறை. அண்ணன் தயவில் இவர் கடையில் உட்கார்ந்தார். மிளகாய் மூட்டையைப் பிரித்தால் எல்லோரும் தும்முவார்கள், இவர் மட்டும் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். ஒரு தடவை கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கண்ணைக் கட்டி, ஒவ்வொன்றாக மூக்கின் கீழே பிடித்தார். இவர் கர்ப்பூரத்தைச் சொன்னார். கிராம்பைச் சொல்லக் கொஞ்சம் நேரமெடுத்தது. மற்றது ஒன்றும் தெரியவில்லை. புகையிலும் தூசியிலும் வருஷக் கணக்காக இருந்தவருக்கு இப்படி ஆகலாம், மருந்து கிடையாது, மூக்கோடு நாக்கின் ருசியும் போகும், இருக்கிறதும் குறையத்தான் செய்யும் என்றார் டாக்டர். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார், அல்லது கண்ணை மூடியிருந்தார்.

மகளுக்கு டவுனிலேயே வரன் அமைந்தது. கல்யாணத்துக்குச் சமையல்காரர் வைத்த பாயாசம் நன்றாக அடிப்பிடித்துவிட்டது. வேறு வைக்க நேரமில்லை, பாலும் இல்லை. பரிமாறும்போது பந்தியில் ஒவ்வொருவராக வாயில் வைத்துவிட்டு இலை ஓரத்தில் ஒதுக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முகத்தைக்கூடச் சுளிக்காமல் தண்ணீர் குடித்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் வழித்துச் சாப்பிட்டார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "பாயாசம் நல்லா இருக்கு. இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

பரிமாறுகிறவர் வாளியோடு அப்படியே நின்றார். இவர் பக்கத்து இலையைப் பார்த்தார், அதற்கடுத்த இலையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய வெறும் இலையைப் பார்த்தார். நான் போய், "எழும்புங்க, வெத்தல தட்டு வந்திருக்கு, நீங்கதான் குடுக்கணும்" என்று கூப்பிட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டு விருந்துக்கும் போகவில்லை. நான் போடுவதை மட்டும் சாப்பிட்டார். உப்பு போதுமா என்று கேட்டால், போதும் என்பார். ஒரு நாள் உப்புப் போடவே மறந்துவிட்டேன். அன்றும் போதும் என்றார். கொஞ்ச நாளில் நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.